ஆள் மாறாட்டம்

ஒருவரைப் போல மற்றொருவர் இருத்தல் இயற்கையின் விளையாட்டு. ஒருவரை மற்றொருவராகக் கொள்ளுதல் மனிதர் கண்ணின் குற்றம். முன்னையது வியப்பைத் தருவது; பின்னையது பல வேளை நகையைத் தரும்; சில வேளை உயிரையும் வாங்கும். இவ்விரண்டனையும் பொருளாகக் கொண்டெழுந்த திரைப்படங்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. கற்றோர் பலர் அவற்றை வெறுங் கூத்தென ஒதுக்குகின்றனர். மாணவரும் பொதுமக்களும் கைகொட்டி வரவேற்கின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே நின்று சில கூற விரும்புகின்றோம். எமது கருத்தை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. ஆள்மாறாட்டப் படங்கள் இகழத்தக்கன அல்ல. ஆயினும் அவை கற்பிக்கும் பாடத்தில் ஒரு பாதியே முழுவுண்மை. மற்றைப் பாதியை அரங்கிற்கு வெளியே, எம்மூராகிய வைத்திக்குப்பம் போன்ற கடற்கரைகளிலே கற்க வேண்டியுளது.

முதற்கண் இந்தி மொழிப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். 1998ஆம் ஆண்டில் டேவிட் தவான் என்பார் இயக்கி வெளியிட்ட 'படே மியான் சோட்டே மியான்' என்னும் படம், அடிதடியும் நகைச்சுவையும் விரவியது. அமிதாப் பச்சன், கோவிந்தா என்னும் இருவரும் அதில் இவ்விரண்டு வேடம் பூண்டனர். காவலர் இருவர்; அவர்களை அச்சிலே வார்த்தாற்போன்ற கள்வர் இருவர். கள்வர் செய்த குற்றம் காவலர் தலையில் வந்து விழுகின்றது; கண்ணாற் கண்டோம் என்று சான்று கூறுவோரும் பொய்யர் அல்லர்; ஆனால் அவர் கூறுவது மெய்யும் அன்று. இச்சிக்கலே கதை. இந்தி எழுத்தொன்றும் அறியாத எம்மூர் இளைஞரும் அதனைக் கண்டு வயிறு குலுங்க நகைப்பர். ஒத்த முகத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை அன்றோ! 2024ஆம் ஆண்டில் அதே பெயர் சூட்டி வேறொரு கதையைப் படமாக்கினர். ஆள்மாறாட்டப் படத்தின் பெயருக்கே ஓர் ஆள்மாறாட்டம் நேர்ந்தது என்க.

இவ்வகைக் கதை இந்திக்கோ தமிழுக்கோ மட்டும் உரியதன்று. உரோம நாட்டு நாடக ஆசிரியர் பிளாட்டஸ் இரட்டையர் பிரிந்து ஓரூரில் வந்து கூடுங் கதையை நாடகமாக்கினார். அதனை ஷேக்ஸ்பியர் எடுத்து, தலைவர் இருவர்க்கு ஏவலர் இருவரையும் இரட்டையராக்கிச் சிக்கலை இருமடங்காக்கினார். அந்நாடகத்தையே 1982ஆம் ஆண்டில் குல்ஸார் 'அங்கூர்' என்னும் இந்திப் படமாக்கினார். எனவே இன்று நாம் திரையிற் கண்டு சிரிக்குஞ் சிரிப்பு ஈராயிரம் ஆண்டு கடந்த சிரிப்பாகும்.

தமிழ்த் திரையில் இரட்டை வேடத்தின் முதற் படமெனப் பெரும்பாலும் குறிக்கப்பெறுவது 1940ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்'. பி. யு. சின்னப்பா அதில் அரசகுமாரர் இருவராக நடித்தார். அதன் மூலம் பிரெஞ்சு ஆசிரியர் அலெக்சாந்தர் துய்மா எழுதிய, இரும்பு முகமூடி அணிந்த கைதியின் கதை. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் முகத்தை மறைத்து வைக்கப்பெற்ற கைதி ஒருவர் மெய்யாகவே இருந்தார். 1703ஆம் ஆண்டில் பாஸ்தீல் சிறையில் இறந்தார். அவர் மன்னரின் இரட்டைப் பிறப்பு என்பது கற்பனை. அதே லூயி மன்னரின் ஆட்சியிலேதான், 1674ஆம் ஆண்டில், பிரான்சுவா மர்த்தேன் நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியை நிலைநாட்டினார். ஆதலின் புதுவை மாணவராகிய நமக்கு இக்கதை ஒருவகையில் தூரத்து உறவாகும். துய்மாவின் மற்றொரு கதையைத் தழுவி 1949ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் 'அபூர்வ சகோதரர்கள்' எடுத்தனர், எம். கே. ராதா இருவராகத் தோன்றினார். 1958ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் மீண்டும் ஓர் 'உத்தமபுத்திரனில்' நடித்தார். அதே ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் 'நாடோடி மன்னனை'த் தாமே இயக்கி, அரசராகவும் நாடோடியாகவும் நடித்தார்.

இனி, ஒருவரை இருவராகக் காட்டும் முறையையும் சிறிது கூறுதல் பொருந்தும். அக்காலத்தில் படக்கருவியின் கண்ணிற் பாதியை மறைத்து, நடிகரை ஒரு புறத்தே நிறுத்திப் படம் பிடிப்பர். பின்னர் அதே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, முன் மறைத்த பாதியைத் திறந்து, திறந்த பாதியை மறைத்து, வேறுடையில் அவரையே மறுபுறத்தே நிறுத்தி மீண்டும் பிடிப்பர். கருவி மயிரிழையும் அசைதல் கூடாது. நடிகர் எதிரே ஒருவரும் இல்லாத வெற்றிடத்தை நோக்கிச் சினந்து பேச வேண்டும். தாம் பின்னர்க் கூறப்போகும் மறுமொழிக்கு இப்பொழுதே முகங் காட்ட வேண்டும். இருவரும் தழுவிக்கொள்ளுங் காட்சியாயின் ஒருவர் முதுகு மட்டுமே தெரியும். அம்முதுகு நடிகருடையதன்று, உடலமைப்பில் அவரை ஒத்த வேறொருவருடையது. அவர் முகம் தோன்றாது. பெரும்பாலும் பெயரும் தோன்றாது. இரட்டை வேடத்திற்குப் பரிசும் புகழும் ஒருவர்க்கே சேர, முதுகு தந்தவர் கூலி பெற்று வீடு செல்கின்றார். ஒப்புமையைப் புகழும் கலையே தன் ஒப்பாளரை மறந்துவிடும் இவ்விந்தையை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

'இத்தகைய படங்களால் அறிவுக்கு என்ன பயன்?' என வினவும் பெரியோர் உளர். மருவொன்றையும் மீசையொன்றையும் வைத்துக்கொண்டு ஊரையே ஏமாற்றுதல் நம்பத்தக்கதோ என்பர். நம்பத்தக்கதன்று என நாமும் உடன்படுகின்றோம். ஆயினும் கதையின் உயிர் அம்மருவில் இல்லை. 1965ஆம் ஆண்டில் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை நோக்குக. 1964ஆம் ஆண்டில் தெலுங்கில் 'ராமுடு பீமுடு' என வந்த கதையே தமிழில் இவ்வாறாகி, 1967ஆம் ஆண்டில் இந்தியில் 'ராம் அவுர் ஷியாம்' ஆயிற்று. மூன்றனையும் இயக்கியவர் சாணக்யா. தெலுங்கில் என். டி. ராமராவ், தமிழில் எம். ஜி. ஆர்., இந்தியில் திலீப் குமார் எனப் பெயர் பெற்ற மூவர் இரட்டை வேடம் பூண்டனர். பின்னர் ஆண் பெண்ணாக மாறி, இந்தியில் 1972ஆம் ஆண்டில் 'சீதா அவுர் கீதா' எனவும், தமிழில் 1974ஆம் ஆண்டில் 'வாணி ராணி' எனவும் அக்கதை உலவியது. ஒரே கதையை இத்துணை மக்கள் இத்துணை மொழிகளில் விரும்பியது ஏன்?

தமிழ்ப் படத்தில் அஞ்சி நடுங்கும் இளைஞனைத் தமக்கையின் கணவர் அடித்து ஒடுக்குகின்றார். அவன் ஓடிப்போக, அவனை ஒத்த துணிவுடையான் அவ்வீட்டிற்கு வந்துவிடுகின்றான். நேற்றுவரை கூனிக் குறுகியவன் இன்று நிமிர்ந்து நிற்கின்றான். நடை வேறு, சொல் வேறு, நோக்கு வேறு. எனினும் 'இவன் வேறொருவன்' என்னும் எண்ணம் அக்கொடியவர்க்கு எளிதில் உதிக்கவில்லை. ஏன்? அவர் அவ்விளைஞனை ஒருநாளும் உற்று நோக்கியதில்லை. அவருக்கு அவன் ஓர் ஆளல்லன்; சொத்துக்கு உரிய ஒரு பெயர், சவுக்குக்கு இலக்காகும் ஒரு முதுகு. முதுகுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பே அன்றோ? ஆகவே ஆள்மாறாட்டம் நிகழ்வது முக ஒப்புமையால் அன்று, பார்ப்பவரின் பாராமையால் என்பதே அக்கதையின் உட்கிடை. இதனைப் பொதுமக்கள் வாயாற் சொல்ல மாட்டார். ஆயினும் உள்ளத்தால் உணர்வர். தம்மை உற்று நோக்காத முதலாளியையும் மேலதிகாரியையும் நினைந்தே அவர்கள் அரங்கிற் கைதட்டுகின்றனர். இஃது அறிவுக்குப் பயனுடைத்தோ அன்றோ என்பதைப் பெரியோரே கூறுக.

'நாடோடி மன்னன்' இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஏனைய கதைகளிற் பெரும்பாலானவற்றில் எளியவனாக வளர்ந்தவன் முடிவில் செல்வர் வீட்டுப் பிள்ளையாகவோ அரசரின் உடன்பிறப்பாகவோ காணப்படுவான். 'நாற்காலிக்கு உரிமை குருதியால் வந்தது' என்று பழைய நீதியே திரும்ப நிலைபெறும். இது நமக்கு உவப்பன்று. நாடோடியோ அரசர்க்கு உறவினன் அல்லன். முகம் ஒத்தமை தற்செயல். அவன் அரியணையிலிருந்து மக்களுக்குச் சட்டம் வகுக்கின்றான். அரசராவதற்கு வேண்டுவது அரசர் முகம் மட்டுமாயின், முகமில்லாத நல்லோர் எத்துணையர் குடிசைகளில் வீணே கிடக்கின்றனர் என்னும் வினா காண்பவர் நெஞ்சில் எழாமற் போகாது. இவ்வினாவை எழுப்பும் படத்தை வெறுங் கூத்தென்றல் தகாது.

இதுகாறும் இப்படங்களின் நன்மையைக் கூறினோம். இனிக் குறையைக் கூறுவோம். அரங்கில் நாம் சிரிப்பது உண்மை நமக்கு முன்னரே தெரிந்திருத்தலால். இவன் கள்வன், அவன் காவலன் என நாம் அறிவோம். முடிவில் இருவரும் ஒரு மேடையில் நிற்க, எல்லாரும் வாய்பிளப்பர் என்பதையும் அறிவோம். வாழ்க்கையில் அவ்விரண்டாம் ஆள் வந்து நிற்பதில்லை. வந்தாலும் காலங் கடந்தே வருகின்றான். இலண்டன் மாநகரில் அடால்ஃப் பெக் என்பார்க்கு 1896ஆம் ஆண்டில் நேர்ந்தது இதுவே. ஏமாற்றுக்காரன் ஒருவனிடம் நகையிழந்த பெண்டிர் பலர் 'இவரே அவர்' எனச் சுட்டினர். செய்யாத குற்றத்திற்கு அவர் ஆண்டுக்கணக்கிற் சிறையிலிருந்து, 1901ஆம் ஆண்டில் வெளிவந்து, 1904ஆம் ஆண்டில் அதே வகைப் பழியால் மீண்டும் பிடிபட்டார். அப்பொழுதே மெய்க்குற்றவாளி அகப்பட்டான். இக்கொடுமையும் ஒரு காரணமாகவே 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தது. சான்று கூறிய பெண்டிர் எவரும் பொய்யுரைக்க எண்ணினாரல்லர். நேர்மையான கண்ணும் தவறும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

தமிழ் பயில்வோராகிய நாம் இலண்டனுக்குச் செல்லவும் வேண்டுவதில்லை; மதுரைக்குச் சென்றாலே போதும். சிலப்பதிகாரம் ஓர் ஆள்மாறாட்டக் கதையன்று. ஆனால் ஒரு பொருள்மாறாட்டக் கதை. கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பும் கோப்பெருந்தேவி இழந்த சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. தேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அவ்வொப்புமையைப் பயன்படுத்திக்கொண்டான், பாண்டியன் ஆராயாது ஏவினான், கோவலன் வெட்டுண்டான். ஒன்றன் பரல் மாணிக்கம், மற்றதன் பரல் முத்து. உடைத்த பின்னரே வேறுபாடு தெரிந்தது. திரைப்படத்தில் முடிவில் இரட்டையர் இருவரும் ஒருங்கு நிற்பது போல, சிலப்பதிகாரத்திலும் வழக்குரை காதையில் உண்மை வெளிப்படுகின்றது. ஆயினும் அப்பொழுது கோவலன் இல்லை. நகைச்சுவைக்கும் அவலத்திற்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவே: உண்மை ஒரு நாழிகை முந்தினால் நகை, ஒரு நாழிகை பிந்தினால் அழுகை. திருமறையிலும், பார்வை மங்கிய ஈசாக்கு இளைய மகனை மூத்தவனாகக் கொண்டு ஆசி வழங்கியதால் அண்ணன் தம்பியர் பகைகொண்டு பிரிந்த செய்தியைக் காண்கின்றோம். அங்கும் அழுதவன் ஒருவன் உளன்.

இவை பழங்கதை என்பார்க்கு எம் கடற்கரைச் செய்தி இரண்டு கூறுவோம். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் மும்பையைத் தாக்கிய கொடியோர், குஜராத்து மீன்படகாகிய 'குபேர்' என்பதைக் கடலிற் கைப்பற்றி, மீனவர் போல வந்தனர். அதன் பின்னர் நாட்டின் கடலோர மீனவர்க்கெல்லாம் நிழற்படமும் கைரேகையும் பதிந்த அடையாள அட்டை வழங்கவும், படகுகளைப் பதிவு செய்து அடையாளமிடவும் அரசினர் ஏற்பாடு செய்தனர். நாட்டின் காவலுக்கு இது வேண்டுவதே, நாம் குறைகூறவில்லை. ஆயினும் இதனுட் பொதிந்த முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். மீனவர் வேடம் பூண்டவன் பகைவன். தான் தானே என்று மெய்ப்பிக்க வேண்டியவனோ மீனவன். தலைமுறை தலைமுறையாக வலை வீசிய கடலில் 'நீ யார்?' என்னும் வினாவிற்கு அவன் அட்டையால் விடை கூற வேண்டியதாயிற்று. கயிறும் உப்புநீரும் தேய்த்த அவன் விரலைக் கருவி சில வேளை ஏற்க மறுப்பதும் உண்டு. உழைப்பின் தழும்பே அவன் பெயரை அழித்துவிடுகின்றது!

மற்றொரு செய்தி இதனினுங் கொடிது. 2012ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆம் நாள், கேரளக் கரைக்கு அப்பால், 'செயின்ட் ஆன்டனி' என்னும் மீன்படகின்மீது 'என்ரிகா லெக்சி' என்னும் இத்தாலியக் கப்பலிற் காவலிருந்த கடற்படை வீரர் சுட்டனர். மீனவர் இருவர் மாண்டனர். ஒருவர் கேரளத்தார், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தார். கடற்கொள்ளையர் எனக் கருதியே சுட்டதாகக் கப்பற்றரப்பார் கூறினர். வழக்கு எட்டாண்டிற்கு மேல் நடந்தது. 2020ஆம் ஆண்டில் பன்னாட்டு நடுவர் மன்றம், அவ்வீரரை இந்திய நீதிமன்றங்கள் விசாரித்தற்கில்லை எனவும், இத்தாலி இழப்பீடு தரல் வேண்டும் எனவும் முடிவு கூறிற்று. 2021ஆம் ஆண்டில் 10 கோடி ரூபாய் செலுத்தப்பெற, நம் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. பெரிய கப்பலின் மேற்றளத்தினின்று நோக்கின் சிறு படகுகள் யாவும் ஒன்றுபோலத் தோன்றும்; அதிலுள்ள கரிய உருவங்களும் ஒன்றுபோலத் தோன்றும். அங்கே இரட்டை வேடம் பூண்டவர் ஒருவரும் இலர். மரு மாற்றி வைத்தவரும் இலர். உயரத்திலிருந்து பார்த்தமையே மாறாட்டத்திற்குப் போதியதாயிற்று.

இதற்கு நேர்மாறான பார்வையையும் எம்மூரிலே காணலாம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பக் கடற்கரைக்குப் பல ஊர்த் திருக்கோயில்களிலிருந்தும் தெய்வத் திருவுருவங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றன. மணல் தெரியாது மக்கள் நிறைவர். அத்திரளிலே கைநழுவிய குழந்தையைத் தாய் எவ்வாறு கண்டுகொள்கின்றாள்? அதே உயரமும் அதே நிறச் சட்டையும் உடைய பிள்ளைகள் நூறு பேர் ஆங்கு உளர். அவள் ஓரடி நடை கண்டே அறிகின்றாள். விடியற்போதின் மங்கிய ஒளியில் கரை நோக்கி வரும் படகுகளை எம் முதியோர் அதன் போக்கைக் கொண்டே இன்னாருடையது என்பர். நகரத்தார் கண்ணுக்கு அப்படகுகள் யாவும் ஒன்றே. இரட்டையரின் தாய் அவ்விருவரையும் மாற்றி அழைப்பது அரிது. ஆதலின் ஒப்புமை என்பது பொருளில் உள்ளதன்று, தொலைவில் உள்ளது. நெருங்குந்தோறும் ஒருவர் போல் ஒருவர் இலர்.

'இனிக் கருவிகள் வந்துவிட்டன. முகத்தை அளந்து அவையே ஆளைக் காட்டும். மாறாட்டத்திற்கு இடமில்லை' என நம் விஞ்ஞான மாணவ நண்பர் கூறுவர். கருவியின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஒரே கருவிற் பிறந்த இரட்டையர்க்கும் கைரேகை வேறு என்று நிலைநாட்டிய விஞ்ஞானத்திற்கு உலகம் கடன்பட்டுளது. ஆயினும் 2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகருக்கு அருகில், முகமறி கருவி காட்டியதை நம்பிக் குற்றமற்ற கறுப்பினத்தார் ஒருவரை அவர் வீட்டு வாயிலிலேயே காவலர் கைது செய்தனர். கருவி தவறியது ஒருபுறமிருக்க, அதனை நம்பி உற்று நோக்காதொழிந்தவர் மனிதரே. கண்ணுக்குத் துணையாகக் கருவி வருமாயின் நன்று. கண்ணுக்கு மாற்றாக வருமாயின் பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியனின் நிலையே நமக்கும் எய்தும்.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரிகளிலும் ஆள்மாறாட்டம் இல்லாமல் இல்லை. வகுப்பில் வாராதவர்க்காக 'உள்ளேன் ஐயா' எனக் குரல் மாற்றிக் கூறும் திறமை பெற்றோரைப் பற்றி நாம் இங்கு விரித்துரையோம். ஆசிரியர் பெருமக்களும் இவ்விதழைப் படிக்கின்றனர். அதனினும் கவலைக்குரியது பிறிதொன்று. முற்றம் பெருக்குவோர் இருவரை ஓராண்டு நாள்தோறும் கண்டும், ஒருவர் பெயரால் மற்றவரை அழைப்போர் உளர். குப்பத்திலிருந்து வரும் மாணவரையெல்லாம் ஒரே அளவையால் அளந்து, 'அவர்கள் அப்படித்தான்' என்போரும் உளர். 'அவர்கள்' என்னும் ஒரு சொல்லே உலகின் மிகப் பெரிய முகமூடி, இரும்பினும் வலியது, அணிந்தவர் கழற்ற இயலாதது. அதனை அணிவித்தவரே கழற்றல் வேண்டும்.

ஆதலின் இரட்டை வேடப் படங்களை விலக்குக என நாம் கூறோம். விடுமுறையிற் சென்று காண்க; வயிறு புண்ணாகச் சிரிக்க. சிரித்து முடிந்தபின் இரண்டு வினாக்களை மட்டும் உடன்கொண்டு வருக. திரையிலே அம்மைத்துனர் தம் வீட்டுப் பிள்ளையை ஏன் அறிந்திலர் என்பது ஒன்று. தழுவிக்கொள்ளுங் காட்சியிலே நமக்கு முதுகு காட்டி நின்றவர் யாவர் என்பது மற்றொன்று. இவற்றிற்கு விடை தேடப் புகுவோர் நாளை நீதிபதியாயினும், ஆசிரியராயினும், கப்பற்றளத்திற் காவல் நிற்பவராயினும், சிலம்பை உடைக்குமுன் ஆளை வெட்ட ஏவார். கல்வியின் பயன் பலவற்றுள்ளும் இதனையே நாம் தலையாயதாகக் கொள்கின்றோம்.